ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

தேர்வுக் கூடத்தில் மாணவர்கள் செய்யும் பிழைகளுள் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், விடை தெரியாமை என்று நான் சொல்ல மாட்டேன். வினாத்தாளை முழுவதும் படித்து முடிப்பதற்குள் எழுதத் தொடங்கிவிடுவதே பெரும்பிழை என்பேன். ‘ஏழு வினாக்களுள் எவையேனும் நான்கிற்கு விடை தருக’ என்று தாளின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கும். அவசரக்காரன் முதல் நான்கையும் எழுதிவிட்டு, ஏழாவது வினாவைப் பார்த்ததும், “ஐயோ, இது எனக்கு நன்றாகத் தெரிந்ததாயிற்றே!” என்று வருந்துவான். அதற்குள் மணி அடித்துவிடும். இந்தப் பிழையைச் செய்யாதீர்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் கூறிவந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அதே பிழையை நானே செய்தேன். தேர்வுக் கூடத்தில் அன்று, நைல் நதியில் சென்ற ஒரு கப்பலில். அதனை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆற்றுக் கப்பல் என்பது மிதக்கும் விடுதி. பெட்டி படுக்கைகளை ஓர் அறையில் வைத்துவிட்டால், ஊர்கள்தாம் நம்மைத் தேடி வரும். எகிப்து நாட்டில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே, ஆற்று வழியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், இத்தகைய கப்பல்கள் பல ஓடுகின்றன. நைல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாய்வது. ஆதலின் லக்சரிலிருந்து புறப்படும் கப்பல் நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே செல்கிறது. பெரும்பாலும் நான்கு இரவுப் பயணம். இடையில் எஸ்னா என்னும் ஊரில் தடுப்பணையும் நீர்ப்பூட்டும் உள்ளன. அதனைக் கடந்து எட்ஃபு, கோம் ஓம்போ ஆகிய ஊர்களில் நின்று, இறுதியில் அஸ்வானை அடைகிறோம்.

இப்பயணத்திற்கு நாம் முன்னரே செலுத்தும் தொகையில் அறையும் உணவும் அடங்கும். சில கோயில்களைக் காட்டுவதும் பெரும்பாலும் அடங்கும். எஞ்சிய இடங்களெல்லாம் ‘விருப்பக் காட்சிகள்’. வேண்டுவோர் தனிக் கட்டணம் செலுத்திக் கரையிறங்கிப் பார்க்கலாம். வேண்டாதோர் கப்பலின் மேல்தளத்தில் அமர்ந்து பேரீச்ச மரங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். அடங்கியது எது, அடங்காதது எது என்பதைப் புறப்படுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது முதற்கடமை. ‘கோயில் அடங்கும்’ என்றால் நுழைவுச்சீட்டும் சேர்த்தா, வழிகாட்டியும் வண்டியும் மட்டுமா என்று கேட்க வேண்டும். அஸ்வானுக்கு அருகில் உள்ள ஃபிலே கோயில் ஒரு தீவில் இருக்கிறது. கோயிலுக்குச் சீட்டு வாங்கினாலும், தீவுக்குச் செல்லும் படகுக்குக் கூலி வேறு. லக்சரின் மேற்குக் கரையில் உள்ள அரசர் பள்ளத்தாக்கில் பொதுச்சீட்டு வாங்குவோர் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். துட்டன்காமனின் கல்லறைக்கும் முதலாம் சேத்தியின் கல்லறைக்கும் தனித்தனிச் சீட்டு. விருப்பத்திற்குள்ளும் விருப்பங்கள் உண்டு என்பதை இதனால் அறியலாம்.

இனி, என் கதைக்கு வருகிறேன்.

அயல்நாட்டில் பணிபுரியும் எங்கள் மகன், எனக்கும் என் மனைவிக்கும் இப்பயணச்சீட்டை வாங்கித் தந்தான். வழிச்செலவு எங்களுடையது. கையில் கொண்டுசென்ற தொகைக்கு மேல் ஒரு காசும் செலவிடுவதில்லை என்று புறப்படும்போதே இருவரும் முடிவு செய்துகொண்டோம். கப்பலில் ஏறிய முதல் மாலை, பயணிகள் அனைவரையும் கூடத்தில் அமர்த்தி, ஆளுக்கொரு தாளைத் தந்தார்கள். அதில் ஐந்து விருப்பக் காட்சிகளும் அவற்றின் கட்டணங்களும் அச்சிடப்பட்டிருந்தன. முதலாவது, கர்னக் கோயிலில் இரவில் நிகழும் ஒலி ஒளிக் காட்சி. இரண்டாவது, விடியற்காலையில் வெப்பக்காற்று பலூனில் ஏறி மேற்குக் கரையைப் பார்ப்பது. மூன்றாவது, எட்ஃபுவில் குதிரை வண்டிப் பவனி. நான்காவது, அஸ்வானில் நூபிய மக்களின் சிற்றூர். ஐந்தாவது, அபு சிம்பெல்.

அருகிலிருந்தோர் கையெழுத்திட்டுக்கொண்டே போனார்கள். எழுதுகோல் என்னிடம் வந்தது. “இது என்ன, அது எவ்வளவு நேரம்?” என்று கேட்டால் கஞ்சன் என்று எண்ணிவிடுவார்களோ என்னும் கூச்சம் எனக்கு. முதல் நான்கிற்கும் இருவர் பெயரையும் எழுதிப் பணத்தையும் கட்டிவிட்டேன். ஐந்தாவதன் கட்டணமே எல்லாவற்றிலும் பெரியது. ‘அது கடைசி நாளில்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். ஏழாவது வினாவைப் படிக்காத மாணவன் நானே ஆனேன்.

முதற்காட்சியின் கதி கேளுங்கள். கர்னக் ஒலி ஒளிக் காட்சி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மொழியில் நடைபெறுவது. அன்றைய முறை எங்களுக்கு அறவே தெரியாத ஓர் ஐரோப்பிய மொழியில் நடந்தது. எந்த மொழி என்று நான் கேட்கவில்லை. மேலும், மறுநாள் பகலில் கர்னக்கைக் காட்டுவது எங்கள் பயணச்சீட்டிலேயே அடங்கியிருந்தது. ஒரே கோயிலை, ஒருமுறை புரியாமலும் மறுமுறை புரிந்தும் பார்த்தோம். புரியாததற்குத்தான் தனிக் கட்டணம்.

பலூனின் கதை இன்னும் வருந்தத்தக்கது. அதன் கூடைக்குக் கதவு கிடையாது. பக்கத்தில் உள்ள துளைகளில் கால் வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. நள்ளிரவு கடந்து எழுந்து, ஆற்றைக் கடந்து, இருட்டில் மைதானத்தில் நின்று அந்தக் கூடையை ஏறிட்டுப் பார்த்தவள், “நான் கீழேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்றாள். கட்டிய பணம் திரும்பவில்லை. பலூனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 பிப்ரவரியில் லக்சரில் ஒரு பலூன் தீப்பிடித்து வீழ்ந்ததில் 19 பேர் உயிரிழந்தனர். அஞ்சி ஒதுங்கச் சொல்லவில்லை. இத்தகைய முயற்சிகளுக்கு உங்கள் பயணக் காப்பீடு பொருந்துமா, காற்றுச் சரியில்லாமல் பயணம் நின்றால் பணம் திரும்புமா என்னும் இரண்டையும் கேட்டபின் கையெழுத்திடுங்கள் என்றே சொல்கிறேன்.

எஸ்னாவில் நீர்ப்பூட்டுக்காகக் கப்பல் காத்து நின்றபோது ஒரு வேடிக்கை நடந்தது. சிறு படகுகளில் வணிகர்கள் வந்து சூழ்ந்துகொண்டு, துணிகளைப் பைகளில் சுற்றி மேல்தளத்திற்கு வீசினார்கள். வேண்டுமானால் விலை பேசி, பணத்தை அதே பையில் இட்டுக் கீழே வீச வேண்டும். வேண்டாவிட்டால் துணியைத் திருப்பி வீச வேண்டும். என் மனைவி ஒரு மேலாடையை எடுத்துப் பிரித்தாள். ஓரத் தையலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல்களைக் காட்டியே விலையைப் பாதியாக்கினாள். பிறகே பணத்தைப் பையில் போட்டு முடிந்து, படகைக் குறிபார்த்து எறிந்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழிக்கு அதைவிட நேரான விளக்கத்தை நான் கண்டதில்லை. மொழி தெரியாத வணிகரிடம் அவள் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட, மொழி தெரிந்த கப்பல்காரரிடம் நான் கேட்கவில்லை.

அஸ்வான் வந்தது. அபு சிம்பெல்லுக்கு இருவர் போகப் பணம் போதவில்லை, ஒருவருக்குத்தான் இருந்தது. அன்று மாலை போகவிருந்த நூபியச் சிற்றூர்ப் பயணத்தை விட்டுவிடுகிறோம், அத்தொகையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். படகு ஏற்பாடாகிவிட்டது, இயலாது என்றார்கள். கையெழுத்திட்ட தாளின் அடியில் சிறிய எழுத்தில் அவ்விதி இருந்தது. அவர்கள்மேல் குற்றம் இல்லை. “இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன இடம். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வகுப்பில் சொல்வதுபோல எனக்கு வந்து சொல்லுங்கள், போதும்” என்றாள் என் மனைவி. நானும் போனேன். போயிருக்கக் கூடாது என்று இன்று தோன்றுகிறது.

அபு சிம்பெல் அஸ்வானுக்குத் தெற்கே சாலை வழியில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டுப் பாலைவனத்தினூடே மூன்று மணி நேரத்திற்கு மேல் செல்ல வேண்டும், திரும்பவும் அவ்வளவே. அங்கே இரண்டாம் ராம்சேஸ் என்னும் மன்னன், கி.மு. 13ஆம் நூற்றாண்டில், மலையைக் குடைந்து இரு கோயில்கள் அமைத்தான். பெரிய கோயிலின் முகப்பில் அவனுடைய அமர்ந்த சிலைகள் நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். 1960இல் அஸ்வான் உயர் அணையின் பணி தொடங்கியபோது, தேங்கும் நீரில் இக்கோயில்கள் மூழ்கும் நிலை ஏற்பட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ உலக நாடுகளின் உதவியை வேண்டியது. 1964 முதல் 1968 வரை, இரு கோயில்களையும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாறைத் துண்டுகளாக அறுத்து, எண்ணிட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில், ஆற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி, மீண்டும் பொருத்தினார்கள். சில துண்டுகள் 30 டன் எடை. நீரில் மூழ்கவிருந்த நூபியப் பகுதியில் நம் நாட்டுத் தொல்லியல் துறையினரும் 1961–62இல் அகழாய்வு செய்தனர்.

இவையெல்லாம் நான் வகுப்பில் சொன்னவையே. சொல்லாத ஒன்றை அங்கே கண்டேன். பெரிய கோயிலின் முகப்பில் அரசியின் உருவம் அரசனுடைய முழங்கால் உயரத்திற்குக்கூட எழவில்லை. அருகிலுள்ள சிறிய கோயிலோ அரசி நெஃபர்தாரிக்காக எழுப்பப்பட்டது. அதன் முகப்பில் நிற்கும் ஆறு சிலைகளுள் நான்கு அரசனுடையவை, இரண்டு அரசியுடையவை. அங்கே இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம். அச்சிலைகளின் முன் வெயிலில் நின்றேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் தன் மனைவியைத் தனக்கு நிகராக நிறுத்தியிருக்கிறான். நான் என் மனைவியைக் கப்பலில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “கோயிலைத் தூக்கி மேட்டில் வைத்துவிட்டார்கள். அங்கே குடியிருந்தவர்களை என்ன செய்தார்கள்?” முப்பது ஆண்டுகளில் எந்த மாணவனும் என்னிடம் கேட்காத கேள்வி; நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி. எகிப்துப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் நூபிய மக்கள் 1963–64இல் தம் ஊர்களை விட்டுக் கோம் ஓம்போவுக்கு அருகில் குடியமர்த்தப்பட்டனர். அந்தக் கோம் ஓம்போவை முந்திய நாள்தான் கடந்து வந்திருந்தோம். முதலைத் தெய்வத்தின் கோயிலைப் பார்த்தோம். மக்களைப் பற்றி நினைக்கவில்லை. அன்று மாலை நூபியச் சிற்றூருக்குச் சென்றபோது, எங்களுக்குத் தேநீர் தந்த வீட்டு மூதாட்டியிடம் என் மனைவி வழிகாட்டியின் துணைகொண்டு அதையே கேட்டாள். அந்த அம்மையார் தெற்கே கைகாட்டி, தம் தாய் பிறந்த ஊர் ஏரிக்கு அடியில் இருக்கிறது என்றார். எண்ணாமல் நான் கையெழுத்திட்ட நான்கனுள், அது ஒன்றே பயனுடையதாயிற்று. அப்பயனும் என் கையெழுத்தால் வந்ததன்று. அவள் கேள்வியால் வந்தது.

மாணவ நண்பர்களே, இனி இதிலிருந்து நான் கற்றவற்றை முறைப்படுத்திச் சொல்கிறேன். ஒரு விருப்பக் காட்சியைத் தேர்வதற்கு மூன்று கேள்விகள் போதும். முதலாவது, இதனை வேறு எங்கும் காண இயலாதா? குதிரை வண்டி எங்கும் உண்டு. அபு சிம்பெல் ஓரிடத்தில்தான் உண்டு. இரண்டாவது, இது ஏற்கெனவே நான் பணம் கட்டிய ஒன்றின் மறுபதிப்பா? மூன்றாவது, என் உடலும் உடன் வருவோர் உடலும் இதனைத் தாங்குமா? எத்தனை மணிக்கு எழ வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படிகள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. பட்டியல் முழுவதையும் படித்து, உயிரானது எதுவோ அதற்கு முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மற்றவற்றை எண்ணுங்கள். எதுவும் வேண்டாம் என்று ஒரு பிற்பகலைக் கரையோரம் நடந்து கழிப்பதும் தேர்வே.

அடுத்தது விலைக் கணக்கு. கப்பல்காரர் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார். வெளியே வாடகை வண்டிக்காரர் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குவார். இந்த வேற்றுமையில்தான் கணக்கு இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கப்பல் கட்டணம் நுழைவுச்சீட்டு உட்படத் தலைக்கு 60 என்க. வெளியே நால்வர் அமரும் வண்டிக்கு 80, நுழைவுச்சீட்டுத் தலைக்கு 15 என்க. ஒருவராகப் போனால் கப்பலில் 60, வெளியே 95, கப்பலே மலிவு. இருவரானால் கப்பலில் 120, வெளியே 110. பத்துக்காக அலைய வேண்டுவதில்லை. நால்வரானால் கப்பலில் 240, வெளியே 140, நூறு மிச்சம். ஆதலின், மலிவு எது என்பதை விலைப்பட்டியல் மட்டும் சொல்லிவிடாது. உடன் வருவோர் எண்ணிக்கையும் சேர்ந்துதான் சொல்லும். கப்பலிலிருந்து இறங்கிக் கால்நடையாகவே சேரக்கூடிய இடங்களும் உண்டு. கோம் ஓம்போ கோயில் படித்துறைக்கு அருகிலேயே இருக்கிறது; அதற்கு வண்டி எதற்கு?

ஆனால், பணத்தில் தெரியாத ஒரு பொருளும் கப்பல் கட்டணத்தில் உண்டு. அது பொறுப்பு. கப்பல்காரர் அழைத்துச் சென்ற கூட்டம் திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திராது. லக்சரிலும் அஸ்வானிலும் கப்பல் இரவு தங்குவதால் தனியே செல்வதில் ஆபத்துக் குறைவு. இரண்டு மூன்று மணி நேரமே நிற்கும் இடங்களில் கடிகாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்தை எந்த நாணயத்தில் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கப்பலில் பெரும்பாலும் டாலரிலோ யூரோவிலோ சொல்வார்கள்; கரையில் எகிப்தியப் பவுண்டு. அப்பவுண்டின் மதிப்பு 2016இலும், பிறகு 2022 முதல் 2024 வரையிலும் பெரிதும் சரிந்தது. பழைய நூல்களில் உள்ள விலைகளை நம்பிப் புறப்படலாகாது. அட்டையால் பணம் செலுத்தும்போது, உங்கள் நாட்டு நாணயத்திலா, அந்நாட்டு நாணயத்திலா என்று பொறி கேட்டால், அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் நேரும் இழப்பு பெரும்பாலும் குறையும். வண்டியோட்டி, படகோட்டி, வழிகாட்டி ஆகியோருக்கு இனாம் தருவது அங்கே வழக்கம். அதனை எதிர்பாராத செலவு என்று சலித்துக்கொள்ளாமல், முன்னரே சில்லறையாக ஒதுக்கிவைப்பது நயத்தக்க நாகரிகம். மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு நற்செய்தி: பன்னாட்டு மாணவர் அடையாள அட்டை வைத்திருப்போர்க்கு எகிப்தின் பெரும்பாலான தொல்லிடங்களில் நுழைவுக் கட்டணம் பாதிதான்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நம்பிக்கையின்மை ஆகாது. அந்த நைல் நதியே அதற்குச் சான்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் தாள் இன்று வியன்னாவில் உள்ளது. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகம் பற்றிய ஒப்பந்தம் அது. செங்கடற்கரையில் இறங்கிய சரக்கு ஒட்டகங்களின்மேல் பாலைவனத்தைக் கடந்து, லக்சருக்கு வடக்கே நைல் கரையிலுள்ள கொப்டாஸ் நகரை அடைந்து, அங்கிருந்து ஆற்று வழியே அலெக்சாந்திரியாவுக்குச் செல்ல வேண்டும். வழியில் யார் பொறுப்பு, சரக்கு யார் முத்திரையின்கீழ் இருக்கும், நான்கில் ஒரு பங்கு வரி எப்போது என்பனவெல்லாம் அதில் பேசப்படுகின்றன. நம் கடற்கரை மிளகு அந்த ஆற்றில் எழுத்தில்லாமல் மிதக்கவில்லை. நான்தான் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் ஒருநாள் இத்தகைய கப்பல்களில் ஏறுவீர்கள். ஏறாதவர்க்கும் இப்பாடம் பொருந்தும். கல்லூரியில் விருப்பப் பாடம் தேர்வதும், கையில் உள்ள சிறு தொகையை எதில் இடுவது என்று எண்ணுவதும் இதே வகைத் தேர்வுகள்தாம். கூட்டம் கையெழுத்திடுகிறது என்பதற்காக எழுதுகோலை எடுக்காதீர்கள். தாளைக் கடைசி வரி வரையில் படியுங்கள். உடன் வருபவரிடம், “உனக்கு எது வேண்டும்?” என்று கேளுங்கள். அந்த முதல் மாலையில் என் மனைவி எனக்கு அடுத்த நாற்காலியில்தான் அமர்ந்திருந்தாள். அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.